120 என்றால் 120 என்ன?

மாணவ நண்பர்களே! இயற்பியல் தேர்வில் "விடை: 120" என்று மட்டும் எழுதினால் நான் முழு மதிப்பெண் தருவதில்லை. 120 மீட்டரா, 120 விநாடியா? அலகு இல்லாத எண் ஊமை எண். அலகு என்பது பலரும் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு. இணையத்தை நடத்துவோரும் இப்பாடத்தை மறக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போமா?

இணையம் ஒரே வலை அன்று. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகளின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. "இந்த முகவரிகளுக்கு என் வழியாகச் செல்லலாம்" என்று அவை தம் அண்டை வலையமைப்புகளுக்கு அறிவிக்கின்றன. இவ்வாறு அறிவிப்பதற்கான விதிமுறையின் பெயர் பி.ஜி.பி. ஒவ்வொரு வழி அறிவிப்பின் மீதும் சிறு குறிச்சீட்டு ஒட்டும் முறை 1996-இல் வகுக்கப்பட்டது. அச்சீட்டின் பெயர் 'கம்யூனிட்டி'. அது 32 பிட் கொண்ட எண். வழக்கமாக முதல் பாதியில் வலையமைப்பின் அடையாள எண்ணும், அடுத்த பாதியில் அது விரும்பும் ஒரு குறிப்பும் இருக்கும்.

64500 என்பது எடுத்துக்காட்டுகளுக்காகவே ஒதுக்கப்பட்ட எண். அந்த வலையமைப்பு, வாடிக்கையாளரிடமிருந்து வரும் வழிகளுக்கு 64500:120 என்றும், தனக்கு இணையான வலையமைப்புகளிடமிருந்து வரும் வழிகளுக்கு 64500:130 என்றும் சீட்டு ஒட்டுவதாகக் கொள்வோம். பிறகு ரூட்டரில் கொள்கை எழுதுவது எளிது: "120 இருந்தால் எல்லோருக்கும் அறிவி, 130 இருந்தால் வாடிக்கையாளருக்கு மட்டும் அறிவி." ஆயிரக்கணக்கான முகவரிகளைப் பட்டியலிட வேண்டியதில்லை.

ஆனால் 120 என்ற எண்ணுக்குள் 'வாடிக்கையாளர்' என்ற பொருள் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை! அதை எழுதியவர் மனத்திலும், அதைப் படித்து நடக்கும் ரூட்டரின் கொள்கையிலும்தான் இருக்கிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அந்த எண் மீண்டும் ஊமையாகிவிடும்.

எல்லோருக்கும் பொதுவான சில சீட்டுகளும் உண்டு. "இந்த வழியை உன் வலையமைப்புக்கு வெளியே அனுப்பாதே" என்பது அவற்றுள் ஒன்று. 2008 பிப்ரவரி 24 அன்று நடந்ததைக் கேளுங்கள். யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுப்பதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் ஒரு பொய் வழியை உண்டாக்கியது. உள்ளேயே இருக்க வேண்டிய அந்த வழி, ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் வழியாக உலகெங்கும் பரவிவிட்டது. யூடியூப் அறிவித்தது 1024 முகவரிகளின் தொகுதி. பொய் வழி சுட்டியதோ அதற்குள் அடங்கிய 256 முகவரிகள். குறுகிய தொகுதியையே ரூட்டர்கள் தேர்ந்தெடுக்கும். ஆகவே உலகின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்கவில்லை. வழி பிறந்த இடத்திலேயே அந்தச் சீட்டை ஒட்டி, ரூட்டர்களும் அதை மதித்திருந்தால், அது எல்லையைத் தாண்டியிராது. வாங்கிய நிறுவனம் சோதித்திருந்தாலும் அங்கேயே நின்றிருக்கும்.

"கணிப்பொறிகள் தவறின்றிப் பார்த்துக்கொள்ளாவா?" என்று நீங்கள் கேட்கலாம். சீட்டை 'இடு' என்னும் கட்டளை, சில ரூட்டர்களில் முன்பிருந்த எல்லாச் சீட்டுகளையும் கிழித்துவிடுகிறது. வேறு சிலவற்றில் பொதுச் சீட்டுகளை மட்டும் விட்டுவைக்கிறது. ஒரே சொல், இரண்டு பொருள்! இம்முரண்பாட்டை எச்சரித்து 2019-இல் ஓர் இணைய ஆவணமே வெளியாயிற்று. அடையாள எண்கள் 16 பிட்டில் அடங்காமல் வளர்ந்ததால் 2017-இல் 96 பிட் சீட்டும் வந்தது. சீட்டு பெரிதாயிற்று, அதற்குப் பொருள் தரவேண்டியவர் மனிதரே என்பது மட்டும் மாறவில்லை.

ஆகவே ஒவ்வொரு வலையமைப்பும் மூன்று கடமைகளைச் செய்ய வேண்டும் என்பேன். தன் சீட்டுகளின் பொருளை எழுதி, அண்டையருக்கும் தெரிவிக்க வேண்டும். தன் எண்ணைத் தாங்கி வெளியிலிருந்து வரும் சீட்டுகளில், ஒப்புக்கொண்டவற்றைத் தவிர மற்றவற்றை எல்லையிலேயே நீக்க வேண்டும். கொள்கையை மாற்றிய பின், எந்த வழி எங்கே போகிறது என்று சோதிக்க வேண்டும். சீட்டை மட்டும் நம்புவது பாதுகாப்பு ஆகாது.

நாளை உங்களில் சிலர் இத்தகைய ரூட்டர்களை இயக்கப் போகிறீர்கள். அதற்கான பயிற்சியை இன்றே தொடங்கலாம். அடுத்த தேர்வில் 120 என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிடாதீர்கள், அலகையும் எழுதுங்கள்!