அக்கம்பக்கத்தார் வளர்த்த அருங்காட்சியகம்



அமெரிக்காவில் பிப்ரவரி, கறுப்பின வரலாற்று மாதம். இதற்கு வித்திட்டவர் கார்ட்டர் வுட்சன். அடிமைத்தளையில் இருந்து மீண்ட பெற்றோரின் மகன். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். தம் மக்களின் வரலாற்றுக்குப் பாடநூல்களில் இடமில்லை என்பதைக் கண்ட அவர், 1926 பிப்ரவரியில் ஒரு வாரத்தை அதற்கென ஒதுக்கச் செய்தார். 1976இல் அந்த வாரம் மாதமாக விரிந்தது.

இந்த மாதத்தை நினைக்கும்போதெல்லாம் வாஷிங்டனின் அனகோஸ்டியா சமுதாய அருங்காட்சியகமே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. நகரின் நடுவே ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் இருந்தும், அனகோஸ்டியா ஆற்றுக்கு அப்பால் வாழ்ந்த கறுப்பின மக்களில் பலர் அங்கே கால்வைத்ததில்லை. அப்படியானால் அருங்காட்சியகமே அவர்களிடம் போகட்டும் என்று ஸ்மித்சோனியன் முடிவெடுத்தது. 1967 செப்டம்பரில், மூடிக்கிடந்த கார்வர் திரையரங்கில் அது பிறந்தது. தலைமைப் பொறுப்பு ஜான் கினார்ட் என்ற இளம் போதகருக்கு வந்தது. அருங்காட்சியகப் பயிற்சி எதுவும் இல்லாதவர்; ஆனால் அந்த மக்களை அறிந்தவர். 1989இல் மறையும்வரை அவரே அதை நடத்தினார்.

1969இல் அங்கே நடந்த கண்காட்சியின் பொருள் எலி! உயிருள்ள எலிகளையே காட்சிக்கு வைத்தார்கள். வீடுகளில் எலித்தொல்லை தாங்காமல் தவித்த பகுதி அது. எலி எப்படிப் பெருகுகிறது, எப்படி ஒழிப்பது என்பதோடு, ஏழைகளின் குடியிருப்பில் மட்டும் அது ஏன் இப்படி மண்டுகிறது என்ற கேள்வியையும் அக்கண்காட்சி எழுப்பியது. 1977இல் அனகோஸ்டியாவின் கதையையே, 1608 முதல் 1930 வரை, காட்சியாக்கினார்கள். தாங்கள் வாழும் தெருவுக்கும் வரலாறு உண்டு என்று அந்த மக்கள் அங்கே கண்டார்கள்.

ஒரு சமூகத்தைக் கொண்டாடுவது என்றால் இதுதான். புகழ்பெற்ற நால்வரின் படத்துக்கு மாலையிடுவதோடு அது முடிவதில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று மக்களைக் கேட்பதும், அவர்கள் சொல்வதைப் பதிந்துவைப்பதும் அதில் அடங்கும்.

அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்களுக்கு இதில் ஒரு நன்றிக்கடனும் உண்டு. கறுப்பின மக்கள் அடிபட்டுச் சிறைசென்று போராடியதன் பயனாக 1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அந்த அலையில்தான் 1965இன் குடியேற்றச் சட்டமும் நிறைவேறியது. பிறந்த நாட்டைப் பார்த்து ஆளைத் தடுத்த பழைய ஒதுக்கீட்டு முறை ஒழிந்தது. நம்மவர் பெருமளவில் இங்கே வர அதுவே வழிதிறந்தது.

ஆகவே இந்தப் பிப்ரவரியில் உங்கள் ஊர் அருங்காட்சியகத்திலோ நூலகத்திலோ நடக்கும் நிகழ்ச்சி ஒன்றுக்குப் பிள்ளைகளோடு சென்றுவாருங்கள். அங்கே பேசும் பெரியவர்களின் அனுபவத்தை நிதானமாகக் கேளுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். கண்டதையும் கேட்டதையும் நமக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் மகிழ்வோடு வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்