ஒன்பதுக்கு ஒன்பது, அழைப்போ இல்லை

மாமாக் கடையில் தே தாரிக்கை முன்னால் வைத்துக்கொண்டு நள்ளிரவு ஆட்டம் பார்க்கும் நமக்குக் காற்பந்து என்றால் ஒன்றுதான். அமெரிக்கர்கள் அதே பெயரில் வேறொன்றை ஆடுகிறார்கள். முட்டை வடிவப் பந்து, தலையில் கவசம், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட்டம். அந்த ஆட்டத்தின் விதிகள் எனக்கும் பாதிதான் புரியும். இந்த வாரக் கதைக்கு அந்தப் பாதியே போதும்.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம், இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்தும் சிறிய கல்வி நிலையம். அதன் காற்பந்துக் குழுவுக்கு 'டான்ஸ்' என்று பெயர். 1951ஆம் ஆண்டுப் பருவத்துக்கு முன்பு, பயிற்றுநர் ஜோ குஹாரிச் பையன்களைக் கார்னிங் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போய், கொளுத்தும் வெயிலில் ஓட ஓட விரட்டினார். அந்த வெயிலைப் பற்றிக் கிழவர்களான பிறகும் அவர்கள் புலம்பியிருக்கிறார்கள்!

குழுவில் யார் யார் என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் போரிட்டுத் திரும்பிய ஜீனோ மார்கெட்டி. ஆறடி ஒன்பது அங்குல உயரமும், பச்சை இறைச்சி தின்பவர் என்ற பெயரும் கொண்ட பாப் செயின்ட் கிளேர். இவர்களோடு இரண்டு கறுப்பின இளைஞர்கள்: ஓட்டத்தில் புயலான ஓலி மேட்சன், தடுப்பாட்டத்தில் பாறையான பர்ல் டோலர். பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுக்கும் வேலையைப் பார்த்தவர் பீட் ரோசெல் என்ற இருபத்தைந்து வயதுக்காரர். பின்னாளில் அமெரிக்கத் தொழில்முறைக் காற்பந்து லீக்குக்கே தலைவரானவர் இவர்.

ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. நியூயார்க்கில் ஃபோர்டம் குழுவுடன் மோதியது மட்டும் மூச்சு முட்டிய ஆட்டம், 32-26. அன்று எதிரணியின் தொடக்க உதையைப் பிடித்து மைதானத்தின் மறுமுனைவரை இரண்டு முறை ஓடினார் மேட்சன். பசிபிக் கல்லூரியை 47-14 என்று நொறுக்கினார்கள். பசாடினாவின் ரோஸ் பௌல் அரங்கில் லயோலாவை 20-2 என்று வென்று பருவத்தை முடித்தார்கள். மேட்சன் அந்தப் பருவத்தில் ஓடிச் சேர்த்தது 1,566 யார்டு. நாட்டிலேயே அதுதான் முதலிடம்.

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் புத்தாண்டையொட்டி 'பௌல்' எனப்படும் சிறப்பு ஆட்டங்கள் நடக்கும். சிறந்த குழுக்களை அழைப்பார்கள், கணிசமான பணமும் கொடுப்பார்கள். டான்ஸ் குழுவுக்கு அந்தப் பணம் உயிர்மூச்சு. காற்பந்தால் பல்கலைக்கழகத்துக்கு நட்டத்துக்கு மேல் நட்டம். அந்த வட்டாரத்தில் செயின்ட் மேரிஸ் கல்லூரி முந்தைய ஆண்டே குழுவைக் கலைத்திருந்தது.

ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொன்னது இது. மயாமியின் ஆரஞ்ச் பௌலுக்கு வரலாம், ஆனால் மேட்சனும் டோலரும் வரக்கூடாது என்ற நிபந்தனை குஹாரிச் வழியாக அவர்கள் காதுக்கு வந்தது. தென்மாநிலங்களில் நிறப் பிரிவினை சட்டமாகவே இருந்த காலம். உணவகம், பேருந்து, பள்ளிக்கூடம் எல்லாமே தனித்தனி. அங்கே நடக்கும் ஆட்டத்துக்குக் கறுப்பினத்தவரை வீட்டில் விட்டுவிட்டு வருமாறு வடக்குக் குழுக்களிடம் கேட்பதும், பல குழுக்கள் தலையாட்டியதும் புதிதல்ல.

இவர்கள் தலையாட்டவில்லை. வாக்கெடுப்பு நடத்தவில்லை, கூட்டம் போட்டு விவாதிக்கவும் இல்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான். நாமாக இருந்தால் என்ன பேசியிருப்போம்? "கல்லூரியைக் காப்பாத்தணும்ல? ஒரே ஒரு ஆட்டம்தானே, அவங்க ரெண்டு பேரும் புரிஞ்சுக்குவாங்க" என்று அலுவலகக் கூட்டங்களில் கேட்டுப் பழகிய குரலில் ஒருவராவது சொல்லியிருப்பார். அதுவும் நியாயம் போலத்தான் தோன்றியிருக்கும். அந்த அறையில் பெரும்பாலானோர் வெள்ளையர்கள். மயாமிக்குப் போவதில் அவர்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

ஆரஞ்ச் பௌலில் ஜார்ஜியா டெக்கும் பேய்லரும் ஆடின. டான்ஸ் குழுவை வேறு யாரும் அழைக்கவில்லை. பருவம் முடிந்த கையோடு பல்கலைக்கழகம் காற்பந்தையே நிறுத்திவிட்டது. தோல்வியே காணாத குழுவுக்கு அடுத்த ஆண்டு ஆட இடமில்லை. மயாமிப் பணம் வந்திருந்தால் பிழைத்திருக்குமா? ஓரிரு ஆண்டு தள்ளிப்போட்டிருக்கலாம், அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. கடைசி ஆட்டத்தில் அவர்களிடம் தோற்ற லயோலாவும் அதே பருவத்தோடு நிறுத்தியது. அடுத்த ஆண்டு சாந்தா கிளாராவும் மூட்டை கட்டியது.

மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றார். அவரும் மார்கெட்டியும் செயின்ட் கிளேரும் தொழில்முறைக் காற்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்கள். ஒரே கல்லூரிக் குழுவிலிருந்து மூன்று பேர்!

டோலருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1952இல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் உடைந்து, தொழில்முறை ஆட்டம் தொடங்குமுன்பே முடிந்தது. ஆசிரியரானார், பிறகு சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி முதல்வரானார். 1965இல் தொழில்முறை லீக் அவரை ஆட்ட அதிகாரியாக நியமித்தது. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அப்போது லீக்கின் தலைவர், பழைய செய்திக்காரர் ரோசெல். 1980 ஜனவரியில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்துக்கும் டோலர் அதிகாரியாக இறங்கினார். அன்று ஆட்டம் நடந்தது பசாடினாவின் ரோஸ் பௌல் அரங்கில். டான்ஸ் குழு தன் கடைசி ஆட்டத்தை ஆடிய அதே புல்தரை.