கோளன்று, கடமை

காட்டுப்பறவைகளைக் கொல்வாரைப் பற்றி அறிவித்தல் கோள்சொல்லுதலாகும் எனச் சிலர் கருதுவர். அது தவறு. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டபோது, பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்லுரமாதலை அறிந்த உழவர் வாளாவிருந்தாரல்லர். மாவட்ட ஆட்சித்தலைவரிடம் முறையிட்டனர். அதன் பயனாக, 1798இல் அப்பறவைகளைக் காக்கும் உரிமைச்சீட்டைப் பெற்றனர்.

இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உளது. அதன் அட்டவணைகளில் கண்ட பறவைகளைக் கொல்லுதலேயன்றி, வலையிற் பிடித்தலும் முட்டைகளைக் கவர்தலும் குற்றமாம். ஆயினும், ஏரிக்கரையில் நிகழ்வதைக் கண்டவர் சொன்னாலன்றிச் சட்டம் அறியுமாறு எங்ஙனம்? ஆதலின், மாணவர்களே, அத்தகைய கொடுமையைக் கண்டால், நீங்களே தடுக்க முற்படாது, பெரியோர் வாயிலாக வனத்துறையினருக்கு உடனே தெரிவியுங்கள். ஒருவரைக் கெடுக்கச் சொல்வது கோள். ஓருயிரைக் காக்கச் சொல்வது கடமை.