உரிமத்தில் இல்லாத சொல்

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் மூன்றாம் பதிப்பு 2000இல் வெளியானபோது, அதன் விதிகளைக் கொண்டு பிறரும் நூல் வெளியிடத் திறந்த உரிமம் ஒன்று வழங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்திடமிருந்து பெற்ற எண்ணம் அது; 2001இல் திருவனந்தபுரத்தில் இந்திய அமைப்பைத் தொடங்கிய அதே இயக்கம்.

2008இல் நான்காம் பதிப்பு இறுக்கமான வேறோர் உரிமத்துடன் வந்தது. பைசோ நிறுவனமோ பழைய உரிமத்தைப் பற்றிக்கொண்டு, மூன்றாம் பதிப்பின் விதிகளை 2009இல் 'பாத்ஃபைண்டர்' எனத் தொடர்ந்தது. வாசகர்களின் அலமாரியிலிருந்த பழைய துணைநூல்கள் பயனற்றுப் போகாமல் காத்தது உரிமமே. விதிகளின் ஒற்றுமை மட்டும் அதற்குப் போதாது.

எனினும் அவ்வுரிமம் தன்னை 'நிலையானது' என்றதே தவிர, 'திரும்பப் பெறவியலாதது' என்று சொல்லவில்லை. 2023 ஜனவரியில் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அதனைச் செல்லாததாக்க முனைந்தபோது விவாதத்தின் முக்கியமான ஒரு பகுதி அந்த இடைவெளியைப் பற்றி நிகழ்ந்தது. எதிர்ப்பு மூண்டதும், ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அம்மாதமே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டன. அதில் அச்சொல் உண்டு. (ஜிஎன்யு பொது உரிமமும் 2007இல்தான் அதைச் சேர்த்துக்கொண்டது.)

கேரளப் பல்கலைக்கழக வளாகங்களில் பாடநூலையும் எழுத்துருவையும் தரவுத்தொகுப்பையும் 'அனைவர்க்கும் திறந்தது' என அறிவிப்போர், நாளை பொறுப்பேற்பவர் அதனை மூடிவிட இயலுமா என்று உரிம வாசகத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.