ரோஸ்டேல் மேட்டில் படிப்பினை தேடுவோர்க்கு

இடிந்த சுவர் ஒன்றைக் கண்டால் நம்மில் பலருக்கு உடனே ஒரு பயான் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆது, ஸமூது கூட்டத்தாரின் பெயர்கள் நாவில் வந்து நிற்கின்றன. பெருமையடித்தார்கள், அழிந்தார்கள் என்று ஓர் ஊரின் கதையை இரண்டு சொற்களில் முடித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். சென்ற ஆகஸ்டில் இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரிலுள்ள ரோஸ்டேல் பள்ளத்தாக்குக்குச் சென்றபோது, உடன் வந்த சகோதரர் ஒருவரும் அவ்வாறே சொன்னார். அவருடைய இறையச்சத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இடத்தில் அந்தச் சொல் பொருந்தாது என்பதே என் கருத்து.

ரோஸ்டேல், மூர் எனப்படும் மரமற்ற மேட்டுநிலங்களுக்கு நடுவே கிடக்கும் பள்ளத்தாக்கு. ஆகஸ்டில் ஹெதர் புதர்கள் பூத்து மேடு முழுவதும் ஊதா நிறமாகிவிடும். கீழே ஊரில் ஓர் ஓடை, ஆடுகள், கல் வீடுகள், தேநீர்க் கடை. எந்நாளும் இப்படியே அமைதியாக இருந்த ஊர் என்றுதான் எவரும் எண்ணுவர்.

1850களில் இங்கே உயர்தரமான இரும்புத் தாது வெட்டத் தொடங்கினார்கள். 1851இல் அறுநூறு பேர்கூட இல்லாத பள்ளத்தாக்கில், இருபதே ஆண்டுகளில் மக்கள்தொகை 2,800ஐத் தாண்டியது. தலைசாய்க்க இடம் போதவில்லை. ஒருவர் வேலைக்கு எழுந்து போனதும் வேலை முடித்து வந்த மற்றொருவர் அதே படுக்கையில் படுப்பார், படுக்கையின் சூடு ஆறுவதே இல்லை என்று அக்காலத்தைப் பற்றிச் சொல்லப்படுகிறது. வளைகுடாவில் பெட்ஸ்பேஸ் எடுத்துத் தங்கிய நம் உறவினர்கள் எவரும் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள்.

1861இல் மேட்டின் மீதே இரயில் பாதை அமைக்கப்பட்டது. பயணிகளுக்காக அல்ல, தாதுவுக்காக. மேட்டின் வடக்கு விளிம்பில் இங்கிள்பி சரிவு. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அந்தச் செங்குத்துச் சரிவில் இரயில் எஞ்சின் இழுக்கவில்லை. தாது நிறைந்த பெட்டிகள் கம்பி வடத்தில் கீழே இறங்க, அவற்றின் எடையே காலிப் பெட்டிகளை மேலே இழுத்தது. எவ்வளவு எளிமையான கணக்கு! வடம் அறுந்தால் என்ன ஆகும் என்பதும் எளிமையான கணக்கே. குளிர்காலத்தில் பனி மூடினால் பாதை வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும்.

தாதுவை அப்படியே அனுப்பவில்லை. முதலில் பெரிய சூளைகளில் சுட்டார்கள். ஈரமும் கரியமில வாயுவும் வெளியேறினால் எடை குறையும். எடை குறைந்தால் இரயில் கட்டணமும் குறையும். அந்தச் சூளைகளின் வளைவுகள்தாம் இன்று பள்ளத்தாக்கின் இருபுறமும் கோட்டை வாசல்களைப்போல் நிற்கின்றன. சகோதரர் அவற்றைத்தான் கர்வத்தின் சின்னம் என்றார். அவை கட்டணத்தை மிச்சப்படுத்தக் கட்டிய அடுப்புகள். அவற்றின் அருகே நின்று வெந்தவர்கள் கூலிக்காரர்கள்.

நல்ல தாது தீர்ந்துவந்தது. வேறிடங்களில் மலிவாகவும் கிடைத்தது. 1926ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தோடு சுரங்கப் பணி முடிந்தது. கடைசி ஆண்டுகளில், முன்பு கழிவென்று சரிவில் கொட்டிய சுட்ட தாதுத் தூளையே திரும்ப அள்ளி அனுப்பினார்கள். அதுவும் முடிந்தபின் 1929இல் பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. மேட்டின் உச்சியில் நின்ற புகைபோக்கியை, பாதுகாப்பில்லை என்று 1972இல் தகர்த்தார்கள். அங்கே ஏறும் சாலைக்கு மட்டும் 'சிம்னி பேங்க்' என்ற பெயர் தங்கிவிட்டது. மூன்றடிக்கு ஓரடி உயரும் ஏற்றம். எங்கள் கார் முனகிக்கொண்டே ஏறியது.

இதில் தண்டிக்கப்பட்டவர் யார்? தாதுவால் செல்வம் சேர்த்தவர்கள் அதை வேறு தொழிலில் இட்டிருப்பார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த சுரங்கத்தைத் தேடி நடந்தவர்கள் உழைத்தவர்கள். கூலியைத் தாமதிக்காதே என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம், ஓர் இடிபாட்டின் முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இங்கே உழைத்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதல்லவா? பூமியில் பயணம் செய்து பார்க்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதிக்கொண்டு போவது அந்தக் கட்டளைக்கு நேர்மையாகாது. குர்ஆனில் ஓர் அத்தியாயத்துக்கே இரும்பு என்று பெயர். அந்த இரும்பு மண்ணிலிருந்து எவர் கையால் வெளியே வருகிறது என்பதை நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

அழகை இரசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய இரயில் பாதை இப்போது நடைபாதை. ஏற்ற இறக்கம் அதிகமில்லாததால் முதியவர்களும் குழந்தைகளும் தாராளமாக நடக்கலாம். காற்று மட்டும் கடுமையாக இருக்கும், கனமான மேலாடை அவசியம்.

லுஹர் நேரம் அங்கேயே வந்தது. பாதையோரம் விரிப்பை விரித்துத் தொழுதோம். எழுந்து விரிப்பை உதறியபோது அதன் அடியில் செந்தூள் ஒட்டியிருந்தது. சகோதரர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். சூளையில் வெந்த தாது என்றேன். அவர் நெடுநேரம் கையைத் துடைக்கவில்லை.