கார் என்ன காலி மனையா?

மகள் வீட்டுக்கு ஆபிங்டன் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில், தேம்ஸ் கரையில் இருக்கும் சின்ன ஊர். போன வாரம் நாலு வீடு தள்ளி ஒரு வாசலில் 'விற்பனைக்கு' என்று அட்டை வைத்த கார் நின்றது. கரும்பச்சை நிறம், மடக்கி வைத்த துணிக் கூரை, இரண்டே இருக்கை, சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி போட்ட சக்கரங்கள். 1967-ம் வருடத்து எம்.ஜி.பி.

எம்.ஜி. என்றதும் பின்னால் ஓர் 'ஆர்' போட்டுக்கொள்ளும் தலைமுறை நாம். என் பேரனுக்கு எம்.ஜி. என்றால் திருச்சியில் பார்த்த ஹெக்டர். ஆனால் அந்தப் பெயர் மாரிஸ் கராஜஸ் என்ற ஆக்ஸ்போர்டு நிறுவனத்தின் சுருக்கம். 1962 முதல் 1980 வரை இந்த ஆபிங்டனில்தான் எம்.ஜி.பி. தயாரானது. ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1980-ல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

சொந்தக்காரருக்கு எண்பத்திரண்டு வயது. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, இவ்வளவு தாழ்வான காரில் ஏறி இறங்க முடியவில்லை, அதனால்தான் விற்கிறேன் என்றார். பஸ் டெப்போவில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவன் என்று சொன்னதும் பானெட்டைத் திறந்து காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம அம்பாசிடர் எஞ்சின்! அம்பாசிடரே மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் நகல்தானே. 1959 வாக்கில் அதில் வந்த 1489 சி.சி. எஞ்சினும், இதில் உள்ள 1798 சி.சி. எஞ்சினும் ஒரே குடும்பம். இவன் கொஞ்சம் பெரியவன், இரண்டு கார்புரேட்டர் வைத்தவன், அவ்வளவுதான். முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது என்பதிலும் அண்ணன் தம்பி ஒற்றுமை. வண்டி நின்ற பிறகுதான் முதல் கியர் போட வேண்டும்.

விலை பதினாலாயிரம் பவுண்டு. நம் பணத்தில் சுமார் பதினாறு லட்சம். இரவு சாப்பிடும்போது மாப்பிள்ளை, "வாங்கிப் போடலாம் மாமா. கராஜில் மூடி வைத்தால் பத்து வருஷத்தில் நல்ல விலைக்குப் போகும்" என்றார். வாங்கிப் போடுவதற்குக் கார் என்ன காலி மனையா என்று கேட்டுவிட்டேன். அதோடு பேச்சு நின்றது.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று அவருக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்து வீட்டில் என்னிடம் 1984 மாடல் அம்பாசிடர் இருந்தது. என் மனைவி போனபின் அதை எடுக்க மனமில்லை. விற்கவும் மனமில்லை. வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடினேன். ஏழு வருடம். அது மரியாதை என்று நினைத்தேன். திறந்து பார்த்தபோது வயரிங்கை எலி தின்றிருந்தது. வீல் சிலிண்டர்கள் இறுகிப்போயிருந்தன. பெட்ரோல் டேங்க் உள்ளே துரு, மிதியடிக்குக் கீழே தரை தெரிந்தது. அவள் உட்காரும் பின் சீட்டில் எலிக்கூடு. கடைசியில் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துப்போனார். வண்டி நின்றால் கெடும் என்று எத்தனை டிரைவர்களைத் திட்டியிருப்பேன்!

இந்தப் பெரியவர் எப்படி வைத்திருக்கிறார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருபது மைலாவது ஓட்டுவார். இங்கே நாற்பது வயது தாண்டிய காருக்குச் சாலை வரியும் கிடையாது, வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. இவரோ வருடாவருடம் காசு கொடுத்துச் சோதனைக்குக் காட்டுகிறார். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது என்று விலை கூடின ரகத்தைத்தான் போடுகிறார். (நம் ஊரில் இருபது சதவீதம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குழாய்களை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.) 1970-களிலிருந்து ரசீதுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

நானும் சும்மா இருக்கவில்லை. இந்தக் காருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பாகம்தான் முதுகெலும்பு. அது துருப்பிடித்தால் வண்டி நடுவில் வளையும். ஜாக்கி போட்டுத் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். இடிக்காமல் மூடியது. பெயின்ட் இரண்டு இடத்தில் மங்கியிருக்கிறது, தோல் இருக்கையில் வெடிப்பு இருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும். இந்த மாடலுக்குப் புது பாடியே வாங்கலாம், பழைய அச்சுகளை வைத்து இன்றும் செய்கிறார்கள். பளபளவென்று மின்னும் கார்களில் பாதி அப்படித்தான். எனக்கு இந்த மங்கல் பச்சைதான் நம்பிக்கை தருகிறது.

நம் ஊரில் 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய காரை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம், ஆனால் அன்றாடம் ஓட்டக்கூடாது. பொருட்காட்சிக்கும் பழுதுபார்க்கவும் எடுக்கலாம். அந்த அனுமதியையாவது பயன்படுத்துங்கள். உங்கள் ஷெட்டில் ஒரு பத்மினியோ, சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ தூங்கினால், ஸ்டார்ட் ஆகும்போதே ஓட்டுகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். அவர்களுக்கு நேரமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார். "உங்கள் மருமகன் விசாரித்தார். அவர் ஓட்டுவாரா?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். சொந்த வீட்டுப் பிள்ளையை விட்டுக்கொடுக்கிறோமே என்றிருந்தது. "ஓட்டமாட்டார்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு நானே சொல்லிவிட்டேன். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் இரண்டு பக்கமும் சமாதானம் செய்து அலுத்துவிட்டாள்.

அட்டை இன்னும் கண்ணாடியில்தான் இருக்கிறது. பக்கத்து ஊரிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்து பார்த்தார்கள், ஆயிரம் குறைத்துக் கேட்டார்களாம். இவர் யோசிக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங்கை அவர் மகன் பிடிக்கிறாராம், பக்கத்து இருக்கை எனக்காம். கூரையை மடக்கித்தான் ஓட்டுவார்கள், குல்லாய் எடுத்துக்கொள்ளுங்கள் அப்பா என்கிறாள் மகள்.