"பிபி எல்லாம் இல்ல டாக்டர், சும்மா டென்ஷன்தான்"

1/ ஓபியில் தினமும் கேட்கிற வசனம் இது. "டென்ஷன் போனா பிபி தானா சரியாயிடும்"னு மாத்திரையை நிறுத்திடுவாங்க. இது பாதி உண்மை. இந்தப் பாதி உண்மைதான் பலரை பக்கவாதத்தோட கொண்டு வந்து வார்டில் படுக்க வைக்குது.

2/ முதல்ல உண்மையான பாதி. கோபமோ பயமோ வந்தால், சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக் குழாய் சுருங்கும், பிபி ஏறும். பின்னாலேயே கார்ட்டிசாலும் கூடும்.

3/ ஆனா அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிஷம்தான் நிற்கும். சண்டை முடிந்தால் பிபியும் இறங்கணும். வேறு வேறு நாளில், 5 நிமிஷம் அமைதியா உட்கார வெச்சுப் பார்த்தும் 140/90க்குக் கீழே வரலைன்னா அதுக்குப் பேர் டென்ஷன் இல்லைங்க. உயர் ரத்த அழுத்தம்.

4/ ஏற்கெனவே பிபி உள்ளவங்களுக்கு டென்ஷன் கூடுதல் சுமை. டென்ஷனில் தூண்டப்படும் நரம்புகள் சிறுநீரகத்தை ரெனின் சுரக்க வைக்கும். அதனால் உருவாகும் ஆஞ்சியோடென்சின் ரத்தக் குழாயைச் சுருக்கும். அடுத்து வரும் ஆல்டோஸ்டிரோன் உப்பையும் தண்ணீரையும் உடம்பிலேயே பிடித்து வைக்கும். அப்போ டென்ஷன் அதிகம் உள்ளவர் மாத்திரையை நிறுத்தணுமா, விடாம போடணுமா? நீங்களே சொல்லுங்க.

5/ அடுத்து, "கார்ட்டிசாலைக் குறைக்கும் பொடி" விற்கும் ரீல்ஸ் கூட்டம். கார்ட்டிசால் விஷம் இல்லை. காலையில் கூடி ராத்திரி குறைவது அதன் இயல்பு. அது இல்லாம உயிர் வாழவே முடியாது. குஷிங் நோய் மாதிரி ஏதாவது சந்தேகம் இருந்தால் டாக்டரே டெஸ்ட் எழுதுவார். பொடிக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பண்ணுங்க.

6/ சக டாக்டர்களுக்கும் ஒண்ணு. நைட் ஷிஃப்ட் பார்க்கும் செக்யூரிட்டி அண்ணன்கிட்ட, வாரத் தவணை கட்ட ஓடுற அக்காகிட்ட "டென்ஷன் ஆகாதீங்க"ன்னு சொல்லி அனுப்புறது வைத்தியமே இல்லை. எத்தனை மணி நேரம் தூங்குறாங்க, எத்தனை நாள் மாத்திரை விட்டுப் போச்சுன்னு கேளுங்க. உப்பு, ஊறுகாய், அப்பளம் பற்றிப் பேசுங்க.

7/ ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலமா வீட்டுக்கே கொண்டு வந்தும் தர்றாங்க. வாங்கி டப்பாவில் போட்டு வைக்காதீங்க. பிபி நார்மலுக்கு வந்திருச்சுன்னு நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க. மாத்திரை போடறதாலதான் அது நார்மல்ல இருக்கு.